ஐம்பத்து நான்கு

வில்யுய் ஆற்றில் அறுத்தெடுத்த பனிக்கட்டி,
இருபது கிலோ,
வாசலில் கிடக்கிறது,
சுழியத்துக்குக் கீழே நாற்பத்தைந்தில்.
யாகூத்திய நவம்பரில் எங்களுக்குக் குழாய் இல்லை.
தாகம் எடுத்தால் கோடரியும் எடுக்க வேண்டும்.

அடுப்பு கேட்கும் விலையை
மாவு வாங்கிய ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்.
கட்டியாகவே சுழியம் வரை ஏறிவர
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோஜூல்.
இது நேர்மையான செலவு.
கொடுக்கக் கொடுக்க வெப்பமானி ஏறும்.

அடுத்தது உருகுவதற்கு:
ஆறாயிரத்து அறுநூற்று எண்பது.
இதன்மேல்தான் எனக்கு எரிச்சல்.
அத்தனையையும் விழுங்கிவிட்டு
வெப்பமானி சுழியத்திலேயே நிற்கும்,
கடன் வாங்கியவன் சந்தையில் எதிர்ப்பட்டதுபோல
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
உள்ளுறை வெப்பமாம்.
கொடுத்ததெல்லாம் எங்கே என்று கேட்டால்
கட்டியின் ஓரத்தில்
ஒரு வழுவழுப்பைக் காட்டும்.

பிறகு கொதிநிலைக்கு எட்டாயிரத்து நானூறு.
கூட்டினால்
பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
காய்ந்த லார்ச் மரம் கிலோவுக்குப் பதினையாயிரம் தரும்,
பாதியைப் புகைபோக்கி தின்றுவிடும்.
ஆக, இரண்டேகால் கிலோ விறகு.
கொட்டகையில் மிஞ்சியிருப்பதோ
பட்டையும் சிராயும்.

விறகு இல்லாமல் இல்லை.
அக்கரையில் நிற்கிறது,
கெஸ்கிலின் லாரியில், ஏழு டன்.
ஆற்றின்மேல் அவன் வர
அறுபது சென்டிமீட்டர் கனம் வேண்டும்.
அளப்பவள் நான்.
அரசு கொடுத்த துளைக்கருவி, அரசு கொடுத்த கோல்,
ஐந்து நாளுக்கு ஒரு துளை.
இன்று ஐம்பத்து நான்கு.
ஆற்றுக்கு இன்னும் ஆறு பாக்கி.

இதில் வேடிக்கை,
ஆறும் இதே கணக்கைத்தான் போடுகிறது, தலைகீழாக.
ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உறைவதற்கு
மூவாயிரத்துச் சொச்சம் கிலோஜூலை
அது வெளியே விட்டாக வேண்டும்.
கரைக்குக் கரை, இரவு முழுக்க,
என் அடுப்பு ஆயுளுக்கும் கேட்காத வெப்பத்தை
வானத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது.
பிடிக்க ஒரு பாத்திரம் கிடையாது.
வெண்பனி விழுந்து மூடிக்கொண்டால்
அந்தக் கொட்டலும் குறையும், உறைதலும் பிந்தும்.
நேற்று விழுந்தது,
கணுக்கால் அளவு.

இரவு எட்டுக்குக் கெஸ்கில் வானொலியில் வந்தான்.
"எவ்வளவு, அக்குலினா?"

அறுபது என்று சொல்ல
நாக்குக்கு ஒரு ஜூல்கூட ஆகாது.
சொன்னால் ஒரு மணி நேரத்தில் விறகு வந்துவிடும்.
அல்லது அவன் விளக்குகள்
நடு ஆற்றில், சற்று நேரம்,
கீழிருந்து எரியும்.
ப்ரோகோப்பியின் டிராக்டர்
மூன்றாம் வளைவில் இன்னும் அடியில்தான் இருக்கிறது.
அவனை மட்டும் மே மாதம் எடுத்தார்கள்.
அன்று அளவு சொன்னது நான் இல்லை.
ஆனால் அந்தப் பதிவேட்டில்தான் நானும் எழுதுகிறேன்.

"ஐம்பத்து நான்கு."

இரைச்சல். நெடுநேரம் இரைச்சல் மட்டும்.
அப்புறம் சொன்னான்:
"பரணில் என் பனிச்சறுக்குக் கட்டைகள் இருக்கின்றன."

பழையவையா புதியவையா என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது.
மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்:
இரண்டு கிலோ நானூறு.

அடியில் பூசிய தார் முதலில் பிடித்தது,
வீடெங்கும் அவன் பிப்ரவரிகளின் வாடை.
வெப்பமானி ஏறிவந்து
சுழியத்தில் நின்றது.
நின்றது.
நான் திட்டவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு
அதோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்கரையில் லாரி விளக்கு
ஒருமுறை அணைந்து எரிந்தது.

கணக்குப்படி நூற்றைம்பது கிராம் கட்டை மிச்சம்.
தேநீர் கொஞ்சம்
கூடவே கொதிக்கட்டும்.